பூசையில் வைத்த ரிமோட்

ரிமோட்டை எடுத்து மனைப்பலகையின் மேல் வைத்தவர் என் மச்சான்தான். ஆயுத பூசை, நவமி திதி, புதன்கிழமை, பிற்பகல். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு வரும்போதெல்லாம், வைத்தது நீங்கள்தான் என்று என் மனைவி என்னைக் காட்டுகிறாள். அன்றன்று நடந்ததை நாள், கிழமையோடு குறித்து வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. நான் வைக்கவில்லை. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். வடக்குப்பட்டுக்காரர். நிலத்தில் பெரும்பகுதி தொழிற்பேட்டைக்குள் போன பிறகு, கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டத் தொடங்கியவர். மாமனார் சீக்கிரமே தவறிவிட்டதால் தங்கையைப் படிக்க வைத்ததும் கட்டிக்கொடுத்ததும் அவர்தான். அதனால் அவர் ஒன்று சொன்னால் என் மனைவி எதிர்த்துப் பேச மாட்டாள். எங்கள் மகளுக்கு வரன் கொண்டுவந்ததும் அவரே. தாய்மாமனுக்கு அந்த உரிமை உண்டு என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. வரனைப் பற்றித்தான் மாற்றுக் கருத்து.

பையன் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். நல்ல குடும்பம். விஜயதசமி அன்று பெண் பார்க்க வருகிறோம், ஆனால் பெண் கபடி ஆடுவதை இத்தோடு நிறுத்திவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மகளோ அந்த வாரம் கல்லூரி அணியோடு சேலத்தில் இருந்தாள். லீக் ஆட்டங்கள். மச்சான் புதன்கிழமை சாயங்காலத்துக்குள் போன் செய்து "வாங்க" என்று சொல்லிவிட்டால், நான் ராத்திரியே பஸ் ஏறிப் போய்ப் பாதிப் போட்டியில் அவளை அழைத்து வர வேண்டும். அதற்குப் பிறகு அவளை எந்த அணியும் சேர்க்காது. அவளும் என்னோடு பேச மாட்டாள்.

நான் வாயைத் திறந்தேன். "நீங்க சும்மா இருங்க, அண்ணாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றாள் மனைவி. அவள் அண்ணனிடம் கேட்டது ஒன்றுதான்.

"அவ ஆடறத ஒரே ஒரு தடவ பாருண்ணா. பூச அன்னிக்கு சாயங்காலம் லைவா காட்றாங்க. நம்ம வூட்டு டிவில பெருசா தெரியும். பாத்துட்டு நீ இன்னா சொன்னாலும் நான் கேட்டுக்கிறேன்."

எங்கள் மகள் ஆடி அவர் பார்த்ததே இல்லை. யாரோ போனில் அனுப்பிய ஒரு படத்தைப் பார்த்திருக்கிறார். அரைக்கால் டவுசரில் நாலு பெண்கள் ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து கிடக்கிற படம். அந்தப் படம்தான் அவர் மனதில் கபடி. "சரி, பாக்கலாம்" என்று ஒப்புக்கொண்டார். மனைவி அந்தச் சொல்லை நம்பினாள். நான் முந்தின நாளிலிருந்தே ஓர் இடத்தில் உட்கார முடியாமல் இருந்தேன்.

எங்கள் வீடு சுங்குவார்சத்திரத்தில், நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ஒட்டி ஒட்டிக் கட்டிய போர்ஷன்களில் ஒன்று. அன்று கம்பெனி பஸ்கள் வாழைக்கன்று கட்டிக்கொண்டு மாலையோடு காலியாக நின்றிருந்தன. சாலை முழுக்க உடைத்த பூசணிக்காய். எங்கள் கம்பெனியில் பூசை முந்தின நாளே முடிந்துவிட்டது. பிரஸ் மெஷினுக்கும் ஃபோர்க்லிஃப்டுக்கும் சந்தனம் வைத்தோம். வருகைப் பதிவு மெஷினுக்கும் ஒருவர் வைத்துவிட்டுப் போனார். லீவு முடிந்து வந்தால் அது யார் விரலையும் ஏற்காது என்று எல்லோரும் சிரித்தோம்.

வீட்டிலும் அப்படித்தான். உழைக்கிற சாமான் எதுவோ அதற்குப் பொட்டு. பழைய காலத்தில் வாளையும் வேலையும் வைத்துக் கும்பிட்டார்கள் என்று பல புத்தகங்களில் படித்திருக்கிறேன். எங்கள் மனைப்பலகையில் அன்று என் வெர்னியர் காலிப்பர், பேனா, மனைவியின் தையல் கத்தரி, அரிவாள்மனை, பைக் சாவி, மகளின் பழைய பாடப்புத்தகங்கள். வயதில் மூத்தவர் என்பதால் பூசையை மச்சானையே செய்யச் சொன்னாள் மனைவி. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வீட்டைச் சுற்றிப் பார்த்தார்.

"இது ஒண்ணுதான் உங்க வூட்ல நாள் பூரா ஒழைக்குது" என்று டிவி மேல் இருந்த ரிமோட்டை எடுத்தார். பிளாஸ்டிக் உறையோடு சேர்த்து அதற்கு ஒரு சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம். கத்தரிக்கும் காலிப்பருக்கும் நடுவில் வைத்தார். நாங்கள் சிரித்தோம். கற்பூரம் காட்டினார். கண்ணை மூடிக் கும்பிட்டோம்.

கண்ணைத் திறந்தபோதுதான் எனக்கு உறைத்தது. பூசையில் வைத்த பொருளை அன்று எடுக்கக் கூடாது. மறுநாள் காலை மறுபூசை செய்து, பலகையை வடக்கே கொஞ்சம் நகர்த்தி வைத்த பிறகுதான் கை வைக்கலாம். எங்கள் பக்கத்தில் இதில் விட்டுக்கொடுப்பதில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் இந்த ஒரு நாளில்தான் படிக்காமல் இருக்க அனுமதி பெறுகிறார்கள்.

மனைவியைப் பார்த்தேன். அவளுக்கும் உறைத்திருந்தது. சுண்டல் கரண்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

அவர் வேண்டுமென்றே செய்தாரா என்று அன்று முழுக்க எனக்குள் ஓடியது. இன்றும் சொல்லத் தெரியவில்லை. டிவி பார்ப்பதற்கு ரிமோட் வேண்டும் என்பது தெரியாதவர் அல்ல. ஆனால் டிவியைப் போட்டால் ஏதாவது தெரியும் என்று நினைக்கிற தலைமுறை. எங்கள் டிவியில் கேபிள் இல்லை. நெட் வழியாகப் படம் காட்ட, பின்னால் செருகிய ஸ்டிக் ஒன்றுதான். டிவியின் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினால் திரை எரியும், சத்தம் கூடும், குறையும். ஸ்டிக்கின் முகப்புப் படங்கள் வரிசையாக வந்து நிற்கும். அதில் ஒன்றைத் தேர்ந்து திறக்க அந்த ரிமோட்தான் வேண்டும்.

ஆட்டம் தொடங்க இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. போனையே ரிமோட்டாக மாற்றும் ஆப்பை இறக்கினேன். ஸ்டிக்குக்கு நெட் கொடுப்பதே என் போனின் ஹாட்ஸ்பாட்தான். அதனாலோ என்னவோ, ஆப் ஸ்டிக்கைத் தேடிக்கொண்டே இருந்தது. போனை வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போனேன். ஜன்னலிலிருந்து அடுப்புக்கு. அடுப்பிலிருந்து திரும்ப டிவிக்கு.

"இன்னா மாப்ள, கூண்டுல போட்டா மாதிரி சுத்தினுகீறீங்க? உக்காருங்க" என்றார் மச்சான்.

"ரிமோட் பூசையில மாட்டிக்கிச்சு மச்சான்."

"அதுக்கு இன்னா? நாளிக்கு காலைல எடுத்துக்கலாம்."

"ஆட்டம் இன்னிக்கு."

"போன்ல வராதா?"

வரும். போனில் திறந்து கையில் கொடுத்தேன். முந்தைய ஆட்டத்தின் கடைசி நிமிடங்கள் ஓடின. அவர் போனைக் கை எட்டும் தூரத்துக்கு நீட்டி, கண்ணைச் சுருக்கி, தலையைப் பின்னால் சாய்த்துப் பார்த்தார். "எறும்பு புத்தாட்டம் கீது. இதுல எவ நம்ம பொண்ணு?"

"அவ இன்னும் வரல. அடுத்த ஆட்டம்."

"எவளா இருந்தா இன்னா, ஒண்ணும் தெரியல." போனைத் திருப்பித் தந்துவிட்டு வடையை எடுத்தார். "பாத்தாச்சு, வுடு" என்று அவர் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். பார்த்தேன் என்று ஒரு சொல் வந்துவிட்டால் மனைவியின் வாக்கு அவளைக் கட்டிவிடும்.

மெல்லப் பலகைப் பக்கம் போனேன். எடுப்பதாக முடிவு செய்து போனேனா, சும்மா போனேனா, தெரியாது.

"எடுக்காதீங்க" என்றாள் மனைவி, அண்ணனுக்குக் கேட்காத குரலில். "பூசையில வெச்சத எடுத்துத்தான் அவள காட்டணுமா? அப்புறம் அவ கால்ல சின்னதா அடிபட்டாலும் அண்ணன் இதத்தான் சொல்லிக் காட்டும். நானே அத நெனச்சுக்குவேன்."

அவள் சொன்னது சரி. அண்ணன் என்ன நினைப்பார் என்பதற்காக மட்டும் அல்ல, அவளுக்கே அது ஆகாது. அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "பக்கத்துப் பொண்ணுங்களாண்ட இதே ஸ்டிக்குதானே கீது? அவங்க ரிமோட்ட இதோட சேத்துப் பாருங்களேன்" என்றாள்.

பக்கத்துப் போர்ஷனில் மின்னணுக் கம்பெனியில் வேலை செய்யும் பெண்கள் இருந்தார்கள். அன்று விடுமுறை, ஆனால் ஊருக்குப் போக நாள் போதாது என்று இரண்டு பேர் தங்கிவிட்டார்கள். ஒருத்தி திருநெல்வேலிப் பக்கம், இன்னொருத்தி செய்யாறு. தள்ளுபடி விற்பனையில் அந்த வரிசையே ஒரே ஸ்டிக்கைத்தான் வாங்கியிருந்தது. நான் கதவைத் தட்டிக் கேட்டதும் திருநெல்வேலிப் பெண் ரிமோட்டோடு கிளம்பி வந்தாள். செய்யாற்றுப் பெண் சீரியலை விட்டு எழுந்திருக்கவில்லை.

"கவலய விடுங்க அண்ணாச்சி. எங்க லைன்ல நாள் முழுக்க இதான சோலி. ஒரு போனையும் ஒரு ஹெட்செட்டையும் சேத்து வச்சிட்டே இருப்போம்."

வழி எனக்கும் தெரியும். ஸ்டிக்கைக் கழற்றி மறுபடி செருக வேண்டும். திரை வந்ததும் ரிமோட்டில் வீட்டுப் படம் போட்ட பொத்தானை விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். ரிமோட்டின் தலையில் சின்ன விளக்கு மினுக்கும். பிறகு இணைந்துவிட்டது என்று திரை சொல்லும். விளக்கு மினுக்கியது. திரை, ரிமோட்டைத் தேடுகிறேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

"பேட்டரிய கழத்தி மாட்டுவோம்" என்றாள். கழற்றி மாட்டினாள். மறுபடி மினுக்கியது. மறுபடி தேடியது. ஸ்டிக்கைப் பிடுங்கினேன், செருகினேன். அவள் டிவிக்குப் பக்கத்தில் போய் ரிமோட்டைத் திரையில் ஒட்டுகிற மாதிரி பிடித்தாள். என் கையில் போன் நேரத்தைக் காட்டிக்கொண்டே இருந்தது. எண்ணெய்ச் சட்டியில் வடை கருகி வாடை வந்தது. மனைவி அதை எடுக்கவில்லை.

"பூசைல வெக்காத ரிமோட்டு. அதான் வேல செய்யல" என்றார் மச்சான்.

"சும்மா இருண்ணா நீ வேற."

"நான் இன்னாமா பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல. வட துன்னு."

திருநெல்வேலிப் பெண் ரிமோட்டைத் தட்டிப் பார்த்தாள். "லைட்டு எரியுதே, சேந்திருக்கும். ஸ்கிரீன்தான் நிக்கி. வாயால சொல்லிப் பாக்கேன்." மைக் படம் போட்ட பொத்தானை அழுத்தி, வாய்க்கு நேராகப் பிடித்து, "சேலம் லேடீஸ் கபடி லைவ்" என்று உரக்கச் சொன்னாள். எங்கள் திரை அசையவில்லை. இன்னொரு முறை சொல்லி, சரி என்கிற பொத்தானை அழுத்தினாள். அதுவும் வீண்.

அப்போது விசில் சத்தம் கேட்டது. பிறகு கூட்டம் கத்துகிற சத்தம். மைக்கில் யாரோ மூச்சுவிடாமல் பேசுகிற சத்தம்.

மச்சான் வடையைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். "இன்னாமா, செவுத்துக்குள்ள கபடி ஆடறாங்க?"

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து செய்யாற்றுப் பெண் கத்தினாள். "ஏய்! எவடி அது என் சீரியல மாத்தனது? இங்க யாரோ கபடி ஆடறாங்க!"

அதற்குப் பிறகுதான் புரிந்தது. அவர்கள் வீட்டு ஸ்டிக்கை யாரும் அணைக்கவில்லை. ரிமோட் ஒவ்வொரு முறையும் எங்கள் ஸ்டிக்கை விட்டுவிட்டு, ஒற்றைச் செங்கல் சுவருக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த தன் பழைய சொந்தத்தோடேயே போய்ச் சேர்ந்திருக்கிறது. நாங்கள் இங்கே அழுத்திய ஒவ்வொரு பொத்தானுக்கும் அங்கே சீரியல் குதித்திருக்கிறது. அவள் நெட் சரியில்லை என்று நினைத்துப் பொறுத்துக்கொண்டிருந்தாளாம்.

"அத ஆஃப் பண்ணச் சொல்லிட்டு திருப்பிச் செய்வோம் அண்ணாச்சி, இப்ப கரெக்டா சேரும்" என்றாள் திருநெல்வேலிப் பெண்.

"ஒண்ணும் அணைக்காத!" என்றாள் மனைவி. போன் திரையில் மகளின் அணி உள்ளே வந்துகொண்டிருந்தது. "எதையும் தொடாத. எழுந்திருண்ணா. பக்கத்து வூட்டுக்குப் போலாம்."

மச்சான் எழுந்திருக்கவில்லை. "வயசுப் பொண்ணுங்க தனியா கீற வூடு. நான் எப்படிமா உள்ள போறது?"

"நான் கீறேன், அவரு கீறாரு. வாண்ணா."

"நாளிக்கு யாராவது ஒண்ணு சொல்லுவான்."

என் மனைவி அண்ணனிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. "என்னாண்ட பாக்கறேன்னு சொன்ன. பாக்காமயே போன் பண்ணப் போறியா?"

அவர் வந்தார். வாசல் வரை வந்தார். செருப்பைக் கழற்றாமல் நிலைக்கு வெளியே நின்று, ஒரு கையைக் கதவில் ஊன்றிக்கொண்டார். "இங்கேர்ந்தே தெரியுது" என்றார். செய்யாற்றுப் பெண் ஸ்டூல் கொண்டுவந்து போட்டாள். உட்காரவில்லை. நான் அவருக்குப் பின்னால் நின்றேன். மனைவி உள்ளே, தரையில், டிவிக்கு மிக அருகில்.

அந்தத் திரையில் மகள் நன்றாகவே தெரிந்தாள். தலைமுடியை இறுக்கி முடிந்து, முழங்காலில் பட்டை மாட்டி, ஆடுகளத்தின் வலது மூலையில் குனிந்து நின்றாள். பக்கத்துப் பெண்ணின் கையைப் பிடித்திருந்தாள்.

"இன்னா மாப்ள, மூலைல நிக்க வெச்சிட்டானுங்க? ஆட வுட மாட்டானுங்களா?"

எனக்கு முன் திருநெல்வேலிப் பெண் பதில் சொன்னாள். "அதாம் அண்ணாச்சி முக்கியமான எடம். காலப் புடிக்கிறவதான் மூலைல நிப்பா. நான் பள்ளிக்கூடத்துல அங்கனதான் நின்னேன்."

"காலையா?"

"கரண்டக் கால. பாருங்க."

எதிரணிப் பெண்ணொருத்தி கபடி பாடி வந்தாள். உயரமானவள். மகளின் மூலையைச் சீண்டிவிட்டுத் திரும்பினாள். மகள் நகரவில்லை. வந்தவள் இரண்டாம் முறை காலை நீட்டினாள். மகள் பாய்ந்து கணுக்காலைப் பிடித்து, தலையைத் தரையோடு வைத்து அழுத்தினாள். மற்றவர்கள் மேலே விழுந்தார்கள். விசில். மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பெண்கள் இருவரும் குதித்தார்கள்.

மச்சான் குதிக்கவில்லை. "அடிபடலயே?" என்றார். மகள் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டு மூலைக்குத் திரும்புவதைப் பார்த்த பிறகு, "அந்த உயரக்காரி நல்ல கனம் இருப்பா" என்றார். எனக்கு அவர் முதுகு மட்டுமே தெரிந்தது. ஊன்றியிருந்த கையை எடுத்துவிட்டு மறு கையை ஊன்றினார்.

இடைவேளையில் மகளின் அணி பின்தங்கியிருந்தது. நான் முற்றத்தில் நடந்தேன். அவர் கேட்டார், "கோட்டத் தொட்டா போதுமா, தாண்டணுமா?" தொட்டால் போதும், விரல் நுனி பட்டால்கூடப் போதும் என்றேன். தலையாட்டினார்.

ஆட்டம் முடியும் தறுவாயில் அந்த உயரக்காரி மறுபடி வந்தாள். இரண்டு அணிக்கும் இடையில் மிகக் குறைந்த புள்ளிகளே இருந்தன. மகள் மறுபடி கணுக்காலைப் பிடித்தாள். இம்முறை அவள் விழுந்தபடியே மகளை இழுத்துக்கொண்டு ஊர்ந்தாள். மேலே மூன்று பேர். நடுக்கோட்டை நோக்கி ஒரு கை நீண்டது. கை கோட்டைத் தொட்டதா இல்லையா, எனக்குத் தெரியவில்லை. அம்பயர் தொட்டது என்றார். மகளும் உயரக்காரியைப் பிடித்த மற்றவர்களும் வெளியே போனார்கள்.

"இன்னாது?" என்றார் மச்சான். "எங்க தொட்டா? தொடவே இல்ல!"

"தொட்டாப்ல தெரியுதே அண்ணாச்சி" என்றாள் திருநெல்வேலிப் பெண்.

"நீ சும்மா இரும்மா. கை கோட்டுக்கு இந்தாண்டயே நின்னுபோச்சி. நான் பாத்துகினே கீறேன். இன்னா அம்பயரு இவன், கண்ணு பொட்டையா? திருப்பிப் போடச் சொல்லு, திருப்பிப் போடச் சொல்லு!"

லைவ்வைத் திருப்பிப் போட அந்தப் பெண்ணுக்குத் தைரியம் வரவில்லை. திரையில் மகள் வெளியே உட்கார்ந்து, அம்பயரைப் பார்த்துக் கையை விரித்துக் கத்திக்கொண்டிருந்தாள். மச்சானும் அதே மாதிரி கையை விரித்துக்கொண்டிருந்தார். அவர் எப்போது உள்ளே வந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை. செருப்போடு அறை நடுவில் நின்றார்.

அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்து யாரென்று பார்த்தார். பெண் பார்க்க வருவதாக இருந்த பையனின் அப்பா. மனைவி தரையிலிருந்து எழுந்துவிட்டாள். டிவியில் அடுத்த பெண் பாடிக்கொண்டு போனாள். மச்சான் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே போனைக் காதில் வைத்தார்.

"ஆங், சொல்லுங்க... இல்லீங்க, இல்லீங்க. நாளிக்கு வராதீங்க. பொண்ணு ஊர்ல இல்ல, சேலத்துல கீது. நாளிக்கும் ஆட்டம் கீது அவளுக்கு... அதெல்லாம் இப்ப ஒண்ணும் சொல்றதுக்கில்லீங்க. நானே அப்புறமா பேசறேன்." வைத்துவிட்டார்.

வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. நாளைக்கு வேண்டாம் என்றுதான் சொன்னார். அந்த இரண்டுக்கும் நடுவில் எத்தனை தூரம் என்று நான் அங்கேயே நின்று கணக்குப் போடத் தொடங்கினேன். தசமி போனால் ஐப்பசி, அதற்குள் தீபாவளி, அதற்குப் பிறகு என்ன முகூர்த்தம். மனைவி கணக்கெல்லாம் போடவில்லை. நேராக அண்ணன் முன்னால் போய் நின்றாள்.

"அண்ணா, இன்னா சொன்ன அவங்களாண்ட?"

"இன்னா சொன்னேன்? உள்ளத சொன்னேன். தள்ளும்மா, மறைக்கிற."